மும்பைத் தெருக்களில் ஐந்து மணி நேரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் முதல் நாள் மாலையில் ஆற்றிய உரை. பேசியது பேசியபடியே, சிறு திருத்தங்களுடன்.)



சங்கச் செயலாளர் போன் செய்து, "ஏதாவது உபயோகமாப் பேசுப்பா" என்றார். நான் சிவில், 2009 பேட்ச். பாலம் கட்டுகிற உத்தியோகம். 2012-லிருந்து மும்பைவாசி. பாலங்களைப் பற்றிப் பேசட்டுமா சார் என்று கேட்டேன். "அதெல்லாம் செமினார்ல வச்சுக்கலாம். நீ ஏதோ மாரத்தான் ஓடினியாமே, அதைச் சொல்லு" என்றார். சொல்கிறேன். பாலத்தையும் நடுவில் கொஞ்சம் நுழைத்துவிடுவேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் அந்த வார்த்தை. நம் ஊர் சுவரொட்டிகளில் மூன்று கிலோமீட்டர் ஓடினாலும் மாரத்தான், ஐந்து ஓடினாலும் மாரத்தான்தான். "பேச்சு மாரத்தான்", "தள்ளுபடி மாரத்தான்" என்று ஜவுளிக்கடை வரைக்கும் அது வந்துவிட்டது. உண்மையில் மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர், அது ஒன்றுதான். 1896-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் ஓடினார்கள். 1908-ல் லண்டனில் பாதை போட்டபோது 26 மைலும் 385 கெஜமும் வந்தது. 1921-ல் அதையே நிலையான தூரம் என்று வைத்துவிட்டார்கள். அந்த 195 மீட்டருக்கு அதற்கு மேல் தத்துவம் எதுவும் இல்லை.

சரி, ஊருக்கு நடுவே வளைந்து வளைந்து போகிற சாலையில் 42.195 கிலோமீட்டரை எப்படி அளக்கிறார்கள்? இந்தக் கேள்விதான் என்னை முதலில் பிடித்து இழுத்தது. முதல் வருஷம் சர்வேயிங் கேம்ப்பில் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைந்தவர்களுக்கு இது புரியும். தியோடலைட்டும் இல்லை, செயற்கைக்கோளும் இல்லை. சைக்கிளில் அளக்கிறார்கள்! 1971-ல் ஆலன் ஜோன்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் சைக்கிளின் முன்சக்கர அச்சில் மாட்டுகிற ஒரு சின்ன எண்ணியைச் செய்தார். சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் அதில் இருபதுக்கும் மேற்பட்ட எண்கள் நகரும். ஸ்டீல் டேப்பால் அளந்து வைத்த நேரான சாலையில் நாலு முறை ஓட்டிப் பார்த்து, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண் என்று முடிவு செய்ய வேண்டும். அளவெடுத்து முடிந்ததும் திரும்ப வந்து அதே இடத்தில் மறுபடியும் ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். ஏனென்றால் வெயில் ஏற ஏற டயரில் காற்று விரிந்து சக்கரத்தின் சுற்றளவு மாறிவிடும்.

வளைவுகளில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, போகக்கூடிய மிகக் குறுகிய வழியில்தான் சைக்கிளை ஓட்ட வேண்டும். இவ்வளவு செய்தும் கடைசியில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 42 மீட்டர், கூடுதலாகச் சேர்க்கிறார்கள். தூரம் எக்காரணம் கொண்டும் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக. ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி! போட்டி முடிந்ததும் எல்லோரும் கையில் கட்டிய கடிகாரத்தைக் காட்டி, "என் வாட்ச் 42.9 காட்டுது, பாதை தப்பு" என்று சண்டைக்கு வருவார்கள். பாதை சரிதான். ஆரஞ்சுப்பழம் எங்கே கொடுக்கிறார்கள் என்று நாம்தான் சாலையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்திருப்போம்.

மும்பை மாரத்தான் 2004-ல் தொடங்கியது. ஜனவரியில் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நடப்பது வழக்கம். முழு மாரத்தான், அரை மாரத்தான் போக, ஐந்தாறு கிலோமீட்டருக்கு ட்ரீம் ரன் என்று ஒன்று உண்டு. அதில் வேஷம் போட்டுக்கொண்டு வருவார்கள், தட்டி பிடித்துக்கொண்டு வருவார்கள், பாதிப் பேர் நடந்துதான் வருவார்கள். மூத்த குடிமக்களுக்குத் தனி ஓட்டம், மாற்றுத் திறனாளிகளுக்குத் தனி. அன்றைக்கு ஒரு நாள் காலையில் அந்த ஊர் தன் முக்கியமான சாலைகளைக் காருக்குத் தராமல் காலுக்குத் தருகிறது. மும்பை டிராபிக்கில் ஒரு மாதம் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய தானம் என்று தெரியும்.

நான் ஏன் அதில் போய்ச் சேர்ந்தேன்? இந்தக் கல்லூரியில் நாலு வருஷம் இருந்தும் நான் ஓடியதே கிடையாது. மெஸ் மூடுகிற நேரத்துக்கு ஓடியதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2018-ல் கம்பெனி மருத்துவப் பரிசோதனையில் இரத்த அழுத்தம் 150-க்கு 100 என்று வந்தது. வயது 31, எடை 82 கிலோ. எங்கள் அப்பாவுக்கு 54 வயதில் மாரடைப்பு வந்தது. டாக்டர் இரண்டையும் ஒரே தாளில் எழுதி என் முன்னால் தள்ளினார். ஒன்றும் பேசவில்லை. எனக்கு அப்போது பெண் குழந்தை பிறந்து ஏழு மாதம்.

மருந்தும் கொடுத்தார், நடக்கவும் சொன்னார். மூன்று மாதம் நடந்தேன். பிறகு அவரைக் கேட்டு, டிரெட்மில் சோதனையெல்லாம் முடித்து, ஓட ஆரம்பித்தேன். நான் குடியிருப்பது மாதுங்கா. பக்கத்தில் ஃபைவ் கார்டன்ஸ் என்று மரங்கள் சூழ்ந்த நல்ல இடம். அங்கே விடிகாலையில் ஓடுகிற கோஷ்டி ஒன்று உண்டு. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மராத்திக்காரர்தான் அதற்குத் தலைவர். அறுபத்தைந்து வயது, வேட்டியைக் காயப் போட்டதுபோல் ஒடிசலான உடம்பு. அவர் எனக்கு முதல் நாள் சொன்ன பாடம்: "ஒரு நிமிஷம் ஓடு, இரண்டு நிமிஷம் நட. ஓடும்போது என்னோடு பேசிக்கொண்டே வா. பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம்." இவ்வளவுதான்.

எனக்கு அவமானமாக இருந்தது. பக்கத்தில் பத்து வயசுப் பையன்கள் பறக்கிறார்கள். நான் மாட்டு வண்டிபோல் உருண்டுகொண்டு, அவரிடம் என் குடும்ப வரலாறு முழுவதையும் இந்தியில் சொல்லிக்கொண்டே போகிறேன். இப்படியே எட்டு மாதம்! வேகமாக ஓட எல்லாருக்கும் தெரியும், நாய் துரத்தினால் போதும். மெதுவாக ஓடுவதற்குத்தான் பயிற்சி வேண்டியிருக்கிறது. நான் இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்தது இது ஒன்றுதான். கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன்.

கான்கிரீட் போடுகிறோம். மறுநாள் தட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருக்கும். மேலே ஏறி நிற்கலாம், நடக்கலாம். அதற்காக முழுப் பாரத்தையும் அன்றைக்கே ஏற்றுவோமா? சாக்கு போட்டுத் தண்ணீர் தெளித்துக் காத்திருக்கிறோம். ஏழு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம் வரும், 28 நாளில்தான் டிசைனில் போட்ட பலம். உடம்பும் அப்படித்தான். ஓட ஆரம்பித்த சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் பழகிவிடும். மூச்சு வாங்குவது குறையும். நமக்கு உடனே தலைக்கனம் வந்துவிடும். ஆனால் எலும்பும் தசைநாண்களும் பலப்பட மாதக்கணக்கில் ஆகும். எஞ்சினை மாற்றிவிட்டோம், சேசிஸ் பழசு. இந்த இடைவெளியில்தான் முழங்காலும் கணுக்காலும் போகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிஷத்துக்கு ஏறக்குறைய 165 அடி எடுத்து வைக்கிறோம். ஐந்து மணி நேரம் ஓடினால் ஐம்பதாயிரம் அடி. ஒவ்வொரு அடியிலும் தரை நம்மை நம் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசையோடு திருப்பித் தள்ளுகிறது. ஐம்பதாயிரம் தடவை! மெட்டீரியல் ஸ்ட்ரெங்த் பேப்பரில் ஃபட்டீக் கேள்வியை சாய்ஸில் விட்டவர்கள் கூட இதற்குப் பயப்பட வேண்டும்.

2020 ஜனவரியில் அரை மாரத்தான் ஓடினேன். அதே நாளில் முழு மாரத்தானில் எத்தியோப்பியாவின் டெராரா ஹுரிசா 2 மணி 8 நிமிஷம் 9 வினாடியில் முதலாவதாக வந்தார். வழியில் அவருடைய ஷூ தொலைந்துபோய், இன்னொரு வீரரிடம் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடி, அந்தப் பாதையின் சாதனையையே முறியடித்தார். வேடிக்கை என்னவென்றால், அடுத்த வருஷம் இதே மனிதர் வியன்னா மாரத்தானிலும் முதலாவதாக வந்தார், அங்கே தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். விதிப்படி ஷூவின் அடிப்பாகம் 4 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, அவர் போட்டிருந்தது 5. ஆக, என்ன ஷூ வாங்கலாம் அண்ணா என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கு என் பதில்: காலுக்குப் பொருந்துகிற ஷூ. போட்டிக்கு முதல் நாள் வாங்கிய புது ஷூ மட்டும் வேண்டாம்.

2021-லும் 2022-லும் கொரோனாவால் மும்பை மாரத்தான் நடக்கவில்லை. முழு மாரத்தானுக்கு எனக்கு மூன்று வருஷம் கிடைத்தது. 2023-ல் அது ஜனவரி 15-ஆம் தேதி வந்தது. காலண்டரைப் பார்த்ததும் வீட்டில் ஒரே சத்தம். தைப் பொங்கல்! "பண்டிகையும் அதுவுமா விடியுமுன்னே தெருவில ஓடப் போறீங்களா?" என்று என் மனைவி கேட்டாள். பானை பொங்குவதற்குள் வந்துவிடுகிறேன் என்றேன். எங்கள் மாமியார், "மாப்பிள்ளை வந்தப்புறமே அடுப்பு மூட்டுவோம், அவர் ஓடுற வேகத்துக்கு அதுதான் சரி" என்றார். நம்மைப் பற்றிச் சரியான மதிப்பீடு வைத்திருப்பவர்கள் மாமியார்கள்தான்.

விடியலுக்கு முன்னால் இருட்டில் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் வாசலிலிருந்து புறப்பாடு. நெஞ்சில் குத்திய எண் அட்டையின் பின்னால் சின்ன சிப் ஒன்று இருக்கும். தரையில் விரித்த பாயை மிதித்ததிலிருந்துதான் நம் நேரம் ஆரம்பம். அதனால் முண்டியடிக்க வேண்டியதில்லை. ஆனாலும் முண்டியடிப்பார்கள். முதல் ஐந்து கிலோமீட்டரில் என்னைத் தாண்டிப் போனவர்கள் ஆயிரம் பேராவது இருப்பார்கள். எழுபது வயதுப் பாட்டி ஒருவர் புடவைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு தாண்டிப் போனார். தலைவர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டிருந்தது. பேச முடிகிறதா? முடிகிறது. அப்போ சரி.

மரீன் டிரைவ், பெடர் ரோடு, ஹாஜி அலி, வொர்லி. பிறகு ஸீ லிங்க். 2009-ல் திறந்த பாலம், 5.6 கிலோமீட்டர், பாந்த்ராவையும் வொர்லியையும் கடல்மேல் இணைக்கிறது. அதில் நடக்கக் கூடாது, பைக்கும் ஓட்டக் கூடாது. பதினோரு வருஷமாகக் கார் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்த பாலத்தின் மேல் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கால் வைத்தேன். ஒரு சிவில் எஞ்சினீயருக்கு அது எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கேபிள்கள் கோபுரத்திலிருந்து விசிறிபோல் இறங்குகின்றன. எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்டை ஒவ்வொன்றாக மிதித்துத் தாண்டுகிறேன். காரில் போகும்போது 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். காலுக்கு அது வேறு சங்கதி. மும்பையில் அந்த நாட்களில் ஏழேகாலுக்குத்தான் சூரியன் வரும். சரியாகப் பாலத்தின் மேல் இருக்கும்போது கிழக்கே கட்டடங்களுக்குப் பின்னால் வெளுத்தது.

லண்டனில் மில்லெனியம் நடைபாலம் 2000 ஜூனில் திறந்த அன்றே மக்கள் நடையில் பக்கவாட்டில் ஆடி, இரண்டே நாளில் மூடி, 2002-ல்தான் மறுபடி திறந்தார்கள். நம் ஸீ லிங்க் ஆடுகிறதா என்று கொஞ்ச தூரம் கவனித்தேன். கான்கிரீட் கனம் அப்படி, அசையவில்லை. பக்கத்தில் ஓடியவர் என்ன ஆச்சு என்று கேட்டார். விளக்கினேன். அவர் வேகத்தைக் கூட்டிப் போய்விட்டார்.

பாந்த்ராவில் திரும்பி மாகிம். மும்பையின் மனசை அங்கேதான் பார்க்க வேண்டும். வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டுத் தட்டு நிறைய ஆரஞ்சுச் சுளை, பிஸ்கட், வெல்லம், உப்பு. ஏற்பாட்டாளர்கள் வைத்ததல்ல, குடும்பம் குடும்பமாக அவர்களே வாங்கி வைத்தது. தாராவி பக்கத்தில்தானே. பொங்கலும் அதுவுமாக ஒரு குடும்பம் கரும்பைத் துண்டு துண்டாக நறுக்கி வைத்திருந்தது. நான் என்னையறியாமல் "அடடே" என்றேன். அந்த அம்மா, "தமிழா? எடுத்துக்க தம்பி. நின்னு தின்னுட்டுப் போ, யாரும் உன்னைத் துரத்தல" என்றார். திருநெல்வேலிப் பேச்சு. நின்று தின்றுவிட்டுத்தான் போனேன். பயிற்சியில் பழகாத எதையும் போட்டியில் சாப்பிடக் கூடாது என்பது பொது விதி. கரும்புக்கு விதிவிலக்கு தரலாம்.

முப்பதாவது கிலோமீட்டரை ஓடுகிறவர்கள் 'சுவர்' என்பார்கள். அதற்கும் கணக்கு உண்டு. ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். அன்றைக்கு என் எடை 70. பெருக்கினால் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்தாகச் சேர்த்து வைத்திருப்பது இரண்டாயிரம் சொச்சம்தான். பட்ஜெட்டில் துண்டு விழுகிறது. மீதிக்குக் கொழுப்பை எரிக்க வேண்டும். கொழுப்பு மெதுவாக எரிகிற விறகு, மெதுவாகப் போனால்தான் கைகொடுக்கும். முதல் பத்து கிலோமீட்டரை வேகமாக ஓடியவர்கள் நல்ல விறகை அங்கேயே எரித்துத் தீர்த்திருப்பார்கள். விடிகாலையில் என்னைத் தாண்டிப் போன கூட்டத்தில் பாதிப் பேர் இப்போது ஹாஜி அலி பக்கம் ஓரக்கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு துடித்த ஒரு இளைஞனுக்குப் போலீஸ்காரர் ஒருவர் காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டியை மட்டும் நான் கடைசி வரை மறுபடி பார்க்கவே இல்லை. அவர் எங்கேயோ முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

பெடர் ரோடு ஏற்றம் போகும்போது ஒன்றும் தெரியாது. திரும்பும்போது அது 35 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது, வெயிலும் ஏறிவிடும். அங்கே இருக்கிற கெம்ப்ஸ் கார்னர் மேம்பாலம் 1965-ல் கட்டியது. அதைக் கட்டிய எஞ்சினீயர்கள் கிரேடியன்ட்டைப் போடும்போது கார்களைத்தான் நினைத்திருப்பார்கள். ஏற்றத்தில் நடப்பது என்பது என் திட்டம். நடந்தேன். இறக்கத்தில் ஓடினேன். 5 மணி 4 நிமிஷம். அன்றைக்கு முதலாவதாக வந்த எத்தியோப்பியாவின் ஹைலே லெமி எடுத்துக்கொண்டது 2 மணி 7 நிமிஷம் 32 வினாடி. ஹுரிசாவின் சாதனையும் அன்றோடு போயிற்று. லெமி குளித்துச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார், நான் அப்போதும் மரீன் டிரைவில்தான் இருந்தேன். வீட்டுக்குப் போனபோது மாமியார் சொன்னபடியே அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

இப்போது மாணவர்களுக்கு. இதைச் சொல்லத்தான் செயலாளரிடம் சரி என்றேன்.

2023 ஜூலையில் மதுரையில் ஒரு விழிப்புணர்வு ஓட்டத்தில் கலந்துகொண்ட கல்லூரி மாணவர் ஒருவர், ஓடி முடித்த சில மணி நேரத்தில் இறந்துபோனார். நான் டாக்டர் அல்ல, அவருக்கு என்ன ஆனது என்று நான் பேசப் போவதில்லை. அந்த வீட்டை நினைத்தால் எனக்குப் பேச்சும் வராது. ஆனால் நேற்று இரவு ஹாஸ்டலில் உங்களில் ஆறு பேர் என்னைச் சூழ்ந்துகொண்டு, அடுத்த மாதம் 21 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம் என்றீர்கள். எவ்வளவு ஓடியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் ஓடிடலாம்ணா, டி-ஷர்ட்டும் மெடலும் தர்றாங்க" என்றான் ஒருவன். அவன் இங்கேதான் இருக்கிறான், பெயர் சொல்லவில்லை.

தம்பி, இருபது வயசில் உன்னால் 21 கிலோமீட்டரை எப்படியாவது இழுத்துவிட முடியும். எனக்குப் பயமே அந்த 'எப்படியாவது'வில்தான். முதல் நாள் இரவு இரண்டு மணி வரை சினிமா, காலையில் வெறும் வயிறு, காய்ச்சல் விட்டு இரண்டு நாள்கூட ஆகாத உடம்பு, இதையெல்லாம் வைத்துக்கொண்டு நண்பன் முன்னால் போகிறானே என்று ஓடாதே. 5 கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள். நெஞ்சில் இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் நின்றுவிடு, நின்றவனுக்கு யாரும் அரியர் போடமாட்டார்கள். குடும்பத்தில் சின்ன வயதில் இதயக்கோளாறு இருந்தால் முதலில் டாக்டரைப் பார். தண்ணீரும் தாகத்துக்குத்தான். 2002-ல் பாஸ்டன் மாரத்தான் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில் நூற்றுக்கு 13 பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. பெரும்பாலும் தேவைக்கு மேல் குடித்ததால் வருவது அது.

என் வயதுக்காரர்களே, உங்களையும் விடுவதாக இல்லை. மதியம் சாப்பாட்டுப் பந்தியில் பார்த்தேன், நம் பேட்சில் மூன்று பேர் சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை டப்பாவைத் திறந்தார்கள். 38 வயது! கிரிக்கெட் டீமில் ஓப்பனிங் பந்து போட்டவன் மாடிப்படி ஏறிவந்து பேச மூச்சு போதாமல் கையால் சைகை காட்டினான். உங்களுக்கு மாரத்தான் வேண்டாம். முதலில் ஒரு ஈசிஜி, பிறகு ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை.

நாளைக் காலை ஐந்தரை மணிக்கு நம் மைதானத்தில் இருப்பேன். நாலு சுற்று, முதல் சுற்று நடைதான். பி.டி. சாரிடம் அனுமதி வாங்கியாயிற்று. அந்த ஆறு பேரும் கண்டிப்பாக வர வேண்டும், யாரையும் முந்தக் கூடாது. மாணவிகள் விடுதியின் கேட்டை ஐந்தேகாலுக்குத் திறக்க வார்டன் மேடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. ஓடும்போது எல்லோரும் என்னோடு பேசிக்கொண்டே வர வேண்டும். இந்தத் தடவை தமிழிலேயே பேசலாம்.

டிபன் வந்துவிட்டது என்று கதவோரத்தில் கை காட்டுகிறார்கள்.